தட்டினால் பயம் போகுமா?

உங்கள் தம்பிக்கு 27 வயது. ஏழு மாதத்துக்கு முன்னால் பைபாஸ் சாலையில் ஒரு லாரி அவருடைய பைக்கை உரசித் தள்ளிவிட்டது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் இன்றும் ஏர் ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துக்கொள்கிறது, வண்டிச் சாவியைத் தொடுவதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை எட்டு வாரமாகச் சாப்பிடுகிறார். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், முகத்திலும் நெஞ்சிலும் விரலால் தட்டிக்கொள்ளும் ‘ஈ.எஃப்.டி.’ சிகிச்சைக்கு மூன்று நாள் வகுப்பு இருக்கிறது, கட்டணம் 12,000 ரூபாய், அதற்கப்புறம் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீங்களே ஒருநாள் வீடியோ பார்த்துத் தட்டிப் பார்த்தீர்கள், நெஞ்சுப் பாரம் குறைந்தது. இது நிஜமா, தம்பியை அனுப்பலாமா, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் பேச முடியும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு ‘சுரீர்’ எல்லாம் வரலாம். குளோனஸிபாம், அல்பிரஸோலாம் வகையைப் பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகும். ஒரு வகுப்புக்குப் போய்வந்த கையோடு மாத்திரையை விட்ட ஒருவர் ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். “பயம் திரும்பிடுச்சு மேடம், நான்தான் சரியாத் தட்டலை போல” என்று தன்னையே நொந்துகொண்டார். அது அவர் தட்டியதில் வந்த தப்பே இல்லை, மாத்திரை உடம்பை விட்டு இறங்கிய வேகம். அந்த மனுஷன் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

இனி தட்டுவதைப் பற்றிப் பேசலாம். உளவியல் ஆலோசகராகப் பத்தொன்பது வருடம் வேலை பார்க்கிறேன். இந்த முறையைக் கற்றுக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் பயன்படுத்துகிறேன். நீங்கள் தட்டியபோது பாரம் குறைந்தது நிஜம்தான். ஏன் குறைந்தது என்பதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் நான் ஏற்பதில்லை. அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், உங்கள் தம்பிக்கு எது உதவும், எது உதவாது என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், ரோஜர் கேலஹன் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1980 வாக்கில், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகச் சிகிச்சை கொடுத்தும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஒருநாள் அந்தப் பெண், தண்ணீரை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்ல, அப்போது சீன அக்குபங்சர் படித்துக்கொண்டிருந்த கேலஹனுக்கு ஒன்று தோன்றியது. உடம்புக்குள் ஆற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் வழிகளில், வயிற்றுக்கான ஓடுபாதை கண்ணுக்குக் கீழே தொடங்குகிறது என்பது அந்த மருத்துவத்தின் கணக்கு. சரி, அங்கே தட்டுங்கள் என்றார். சில நிமிடத்தில் அந்தப் பெண் பயம் போய்விட்டது என்று சொல்லி, வெளியே இருந்த நீச்சல் குளத்தை நோக்கி நடந்தாராம். இதுதான் கேலஹன் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த கதை. இதிலிருந்து அவர் ‘எண்ணப் புலச் சிகிச்சை’ என்ற முறையை உண்டாக்கினார். கோபத்துக்கு ஒரு வரிசை, துக்கத்துக்கு ஒரு வரிசை, அடிமைப் பழக்கத்துக்கு ஒரு வரிசை என்று, எந்தப் புள்ளிக்குப் பின் எந்தப் புள்ளி என்பதை மருந்துச்சீட்டு மாதிரி வகுத்தார். உடம்பில் ஓடும் ஆற்றல் தடைப்படுவதுதான் துன்பத்துக்குக் காரணம், சரியான வரிசையில் தட்டினால் அடைப்பு விலகும் என்பது அவர் கொள்கை.

அவரிடம் கற்றவர்களில் கேரி க்ரெய்க் என்பவரும் ஒருவர். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர், உளவியலாளர் இல்லை. 1990களின் நடுவில் அவர் அந்த வரிசைகளையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டார். எந்தப் பிரச்சினையானாலும் எல்லாப் புள்ளியையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போங்கள் என்றார். அதுதான் ஈ.எஃப்.டி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வரிசைதான் சாவி என்றார் குரு. சீடர் வரிசையையே தூக்கி எறிந்தார், ஜனங்களுக்கு அப்போதும் ஆறுதல் கிடைத்தது. பூட்டுக்குள் எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிறது என்றால், அந்தக் கதவு முதலிலேயே பூட்டியிருக்கவில்லையோ என்றுதானே கேட்கத் தோன்றும்? எனக்கு முதல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

செய்முறை சின்னதுதான். அதற்கு 12,000 ரூபாய் தேவையில்லை. மனசை உறுத்தும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது இப்போது எவ்வளவு படுத்துகிறது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு கையின் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரச் சதையை மறு கை விரல்களால் தட்டிக்கொண்டே, ‘எனக்கு இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற மாதிரி ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்வது. அப்புறம் புருவத்தின் உள்முனை, கண்ணோர எலும்பு, கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவே உள்ள குழி, கழுத்தெலும்புக்குக் கீழே, அக்குளுக்கு நாலு விரல் கீழே, உச்சந்தலை என்று ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் ஏழு முறை மெல்லத் தட்டுவது. ஒவ்வோர் இடத்தைத் தட்டும்போதும் அந்தப் பயத்தின் பெயரைச் சொல்லிக்கொள்வது: ‘லாரி சத்தம்’, ‘ஹாரன்’, ‘கை நடுக்கம்’. ஒரு சுற்று முடிந்ததும் மூச்சை இழுத்து விட்டு, மறுபடி எண் கேட்பது. அவ்வளவுதான்.

அந்த ஏற்றுக்கொள்ளும் வாக்கியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடியோக்களில் ‘நான் என்னை ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த வாக்கியம் அது. நம் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? நான் ஆரம்பத்தில் அதையேதான் சொல்லச் சொன்னேன். ஆட்கள் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பதுபோல விறைப்பாகச் சொல்வார்கள், கண்ணில் ஒன்றும் அசையாது.

எனக்கு அதை மாற்றிக் காட்டியவர், தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்த நாளிலிருந்து அடுப்பைப் பற்ற வைக்க முடியவில்லை. பதினொரு மாதமாக மகள்தான் காலையில் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள், மத்தியானம் ஆறின சோறு. நான் கேஸ் லைட்டரை மேசைமேல் வைத்ததுமே அந்த அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். பத்துக்கு எத்தனை அக்கா என்று கேட்டேன். எண் சொல்ல வரவில்லை. யோசித்து, “நிறைகுடம் மேடம், தளும்புது” என்றார். அன்றிலிருந்து எங்கள் கணக்கு குடம்தான். நிறைகுடம், முக்கால் குடம், அரைக்குடம், ஒரு சொம்பு.

ஏற்றுக்கொள்கிறேன் என்ற வாக்கியம் அவர் வாயில் நிற்கவே இல்லை. சரி, உங்கள் மகள் பயந்துபோய் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். தயக்கமே இல்லாமல் வந்தது: “பயந்தா பயந்துட்டுப் போ, அதுக்காக நீ என்ன குறைஞ்சா போயிட்ட?” அதையே உங்களுக்குச் சொல்லிக்கொண்டு தட்டுங்கள் என்றேன். “பயந்தா பயந்துட்டுப் போறேன், அதுக்காக நான் ஒண்ணும் குறைஞ்சு போயிடல” என்று இரண்டாம் முறை சொல்லும்போதே குரல் உடைந்தது. மூன்று சுற்று தட்டினோம். சிலிண்டரின் ‘புஸ்’ சத்தம், கருகின நைலான் வாடை என்று ஒவ்வொன்றாக வந்தது. நாலாவது சுற்றில் கழுத்தெலும்புக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. “அவ என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. நான் வாசல்லயே நின்னுட்டேன்” என்றார். பதினொரு மாதமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. அடுப்புப் பயத்துக்கு அடியில் இருந்தது குற்ற உணர்ச்சி. பக்கத்து வீட்டுப் பெண் பிழைத்துக்கொண்டார், இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள், ஆனாலும் இவர் அதைச் சொல்லவில்லை.

அன்று அரைக்குடத்தில் நிறுத்தினோம். போகும்போது கேஸ் இல்லாத வெறும் லைட்டரை நாலு தடவை அழுத்திப் பொறி வரவழைத்துவிட்டுத்தான் போனார். நாலு வாரம் கழித்து மகள் பக்கத்தில் நிற்க, வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தார்.

இப்போது சொல்லுங்கள், இங்கே வேலை செய்தது எது? கழுத்தெலும்புக்குக் கீழ் ஓடும் ஆற்றல் பாதையா? அல்லது, பயந்த பொருளை எதிரே வைத்துக்கொண்டு, ஓடிப்போகாமல், ஒருவர் துணையிருக்க, சொல்லாததைச் சொன்னதா? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள்.

2003இல் கனடாவில் வெய்ட், ஹோல்டர் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 119 பல்கலைக்கழக மாணவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு முறைப்படி ஈ.எஃப்.டி. புள்ளிகளைத் தட்டியது. இரண்டாவது குழு கையில் ஏதோ இடங்களைத் தட்டியது, அவை எந்த ஏட்டிலும் இல்லாத புள்ளிகள். மூன்றாவது குழு தன்னைத் தட்டிக்கொள்ளவே இல்லை, ஒரு பொம்மையைத் தட்டியது. நாலாவது குழு காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்துகொண்டிருந்தது. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. காகிதம் மடித்த குழுவுக்கு மட்டும் குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலும் பயம் இறங்குகிறது என்றால் புள்ளிக்கு அதில் என்ன பங்கு?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2012இல் டாசன் சர்ச்சும் குழுவினரும் 83 பேரிடம் ஒரு மணி நேர அமர்வுக்கு முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். தட்டியவர்களுக்குச் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது, பேச்சுவழி ஆதரவு பெற்றவர்களுக்கும் சும்மா ஓய்வெடுத்தவர்களுக்கும் 14 சதவீதம் அளவில். 2016இல் பதற்றம் பற்றிய 14 கட்டுப்பாட்டுச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, 658 பேரின் தரவுகளை வைத்து, பலன் பெரியதுதான் என்றது. அதற்கு முந்தைய வருடம் 18 சோதனைகளைத் தொகுத்த கிலோமன், லீ இருவரும் மிதமான பலன் இருக்கிறது, ஆனால் அது தட்டுவதாலா அல்லது எல்லாச் சிகிச்சையிலும் இருக்கும் பொதுவான அம்சங்களாலா என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது என்றார்கள். இந்தச் சோதனைகளில் பலவற்றில் ஆட்கள் குறைவு. ஒப்பீட்டுக்கு வைத்த குழு பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் இன்னும் தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். ஆய்வு செய்தவர்களில் பலர் இதே முறையைக் கற்பிப்பவர்கள். முடிவுகளைப் பொய் என்று சொல்ல இவை போதாது, ஆனால் எடை போடும்போது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்க உளவியல் சங்கம் 1999இல் கேலஹன் முறைக்கான பயிற்சியைத் தன் தொடர்கல்வி மதிப்பெண்ணிலிருந்து விலக்கியது. 2012இல், இந்த மாதிரித் தட்டும் முறைகள் அடங்கிய ‘ஆற்றல் உளவியல்’ பயிற்சிகளுக்கு மறுபடி வழிவிட்டது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு பற்றிய வழிகாட்டியில் ஈ.எஃப்.டி.யை மேலும் ஆராய வேண்டிய பட்டியலில் வைத்தது, பரிந்துரைத்த சிகிச்சைகளின் பட்டியலில் வைக்கவில்லை. அது நியாயமான இடம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரோசன், டேவிசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் ஓர் உதாரணம் சொன்னார்கள். பயந்த ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தின் பக்கத்தில் அழைத்துப் போகிறோம், கூடவே தலையில் ஊதா நிறத் தொப்பி ஒன்றை மாட்டிவிடுகிறோம். பயம் குறைகிறது. உடனே ‘ஊதாத் தொப்பிச் சிகிச்சை’ என்று பெயர் சூட்டிப் பயிற்சி வகுப்பு நடத்தினால் எப்படி? வேலை செய்தது பக்கத்தில் போனது, தொப்பியில்லை. தட்டும் சிகிச்சையில் தொப்பி எது என்றால், ஆற்றல், ஓடுபாதை, அடைப்பு என்ற அந்த விளக்கம்தான் என்பது என் எண்ணம். தட்டுவது முழுக்கத் தொப்பி என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜோசஃப் வோல்பி என்ற மனநல மருத்துவர் 1940களின் பிற்பகுதியில் பூனைகளை வைத்துச் சோதித்தார். கூண்டில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பயந்துபோன பூனை, அந்த அறையிலேயே தின்ன மறுக்கும். அதனால் முதலில் அந்த அறை மாதிரியே இல்லாத ஓர் இடத்தில் தீனி போட்டார். அடுத்து, கொஞ்சம் அது மாதிரி இருக்கும் இடம். அதற்கடுத்து இன்னும் கிட்டத்தில். கடைசியில் பூனை அதே கூண்டில் தின்றது. உடம்பு நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பயத்தைச் சிறு சிறு அளவாகக் காட்டினால், பயம் பிடி தளர்கிறது. இன்று பயத்துக்குச் செய்யும் படிப்படியான சிகிச்சைக்கு வேர் இது. துன்பத்துக்கு எண் கொடுக்கும் பழக்கமும் வோல்பியிடமிருந்து வந்ததே, ஈ.எஃப்.டி. அதை வாங்கிக்கொண்டது. உடம்பை நிம்மதியாக்க வோல்பி மனிதர்களுக்குத் தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். தட்டுவது அந்த வேலையைச் செய்யக்கூடும். அழும் குழந்தையை முதுகில் தட்டித்தானே தூங்க வைக்கிறோம், துவண்டவரைத் தட்டிக்கொடுக்கிறோம் என்றுதானே சொல்கிறோம். சீரான மெல்லிய தொடுகை உடம்பை அடக்கும் என்பதை யாரும் வகுப்புக்குப் போய்க் கற்கவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. தட்டும் இடத்தை ஞாபகம் வைக்க வேண்டும், எண்ண வேண்டும், சொல்ல வேண்டும். மனசின் ஒரு பாதி அதில் மாட்டிக்கொள்வதால் அந்த நினைவு முழு வேகத்தில் தாக்க முடிவதில்லை. நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹவுட் என்ற ஆய்வாளர், கண்ணை இடமும் வலமும் அசைக்கவைக்கும் கண்ணசைவுச் சிகிச்சையில் இதைத்தான் காட்டினார். கெட்ட நினைவை மனசில் வைத்துக்கொண்டே வேறொரு வேலையும் செய்தால், அந்த நினைவின் கூர்மை மழுங்குகிறது. பயத்துக்குப் பெயர் வைத்து வாய்விட்டுச் சொல்வதும் சும்மா இல்லை. உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதியான அமிக்டாலாவில் பரபரப்பு தணிவதை 2007இல் மேத்யூ லீபர்மன் குழு கலிஃபோர்னியாவில் ஸ்கேன் எடுத்துக் காட்டியது.

சின்ன வயசில் எங்கள் பாட்டி ஊர் இழவு வீடுகளில் பெண்கள் வட்டம் கட்டி, தாளம் தப்பாமல் மாரடித்துக்கொண்டு, போனவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒப்பாரியில் கேட்டுத் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் இது என்று சொல்ல வரவில்லை. சீரான அடி, வாய்விட்ட சொல், பக்கத்தில் நாலு பேர் என்ற மூன்றும் சேரும்போது மனுஷ உடம்பு எதையோ இறக்கி வைக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது.

வட கிழக்கு இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு, யுத்தத்தையும் பார்த்து அலையையும் பார்த்த 31 தமிழ்க் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லவைக்கும் முறை, இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆறு ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் கோளாறின் வரம்பிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. முறைகள் வேறு வேறாக இருந்தாலும், பொறுமையாக, அந்தப் பிள்ளைகளின் மொழியில், ஆறு அமர்வும் கூடவே உட்கார்ந்த பெரியவர்கள் இரண்டிலும் இருந்தார்கள். மூன்று நாள் வகுப்பில் அது கிடைக்காது.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். ஏழு மாதமாக விடாத பயம், நடுராத்திரி விழிப்பு, சத்தத்துக்கு உடம்பு விறைப்பது, வண்டியைத் தவிர்ப்பது, இவை விபத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் முகங்களாக இருக்கலாம். அதற்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை இரண்டு உண்டு. விபத்தை மையமாக வைத்து, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று, ஈ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார அமைப்பு 2013இலேயே பரிந்துரைத்துவிட்டது. மருந்து எழுதிய மருத்துவரிடமே, மாத்திரையோடு இந்தப் பேச்சுவழிச் சிகிச்சையும் வேண்டும், யாரிடம் போகலாம் என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைத்திருப்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தட்டுவதை இதற்கிடையில் வீட்டில் செய்யலாம், ஆனால் விபத்து நடந்த அந்த நொடியை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகத் தட்ட வேண்டாம். அது பெரிய நினைவு. தனியாகத் திறந்தால் வெள்ளமாக வரும், கண்ணெதிரே மறுபடி நடப்பதுபோல ஆகிவிடும், சிலர் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் உறைந்துபோவார்கள். சின்னதிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்டாண்ட் போட்டு நிற்கும் வண்டியைத் திண்ணையிலிருந்து பார்ப்பது முதல் படி. சாவியைக் கையில் வைத்திருப்பது இரண்டாவது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இன்ஜினைப் போடாமல் சீட்டில் உட்காருவது மூன்றாவது. அப்புறம் வாசலிலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பது, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போவது, நீங்கள் ஓட்ட அவர் பின்னால் உட்காருவது, காலை ஆறு மணிக்கு ஆளில்லாத தெருவில் அவரே ஓட்டுவது. பைபாஸ் கடைசி. ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே இருக்கட்டும், எண் பாதியாக இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு வர வேண்டாம். எட்டில் ஆரம்பித்து எட்டிலேயே ஓடிவந்தால் பயம் இன்னும் ஊறிவிடும். ஒரு படி ஒரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை.

தட்டும்போது எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், மூச்சு அடைத்தால், பேச்சு நின்றுவிட்டால், உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவச் சொல்லி, அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு ஒருமுறை வந்தால்கூட மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

நீங்கள் உங்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், நெஞ்சுப் பாரம் என்று. அது அடிக்கடி வருகிறது என்றால், தட்டுவதற்கு முன்னால் ஓர் ஈ.சி.ஜி., ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் பதற்றம் மாதிரியே வேஷம் கட்டி வரும், பெண்களுக்கு அதை மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிற வழக்கமும் உண்டு. அவை சரியாக இருந்தால் ராத்திரி படுக்கும்முன் பத்து நிமிடம் தாராளமாகத் தட்டிக்கொள்ளுங்கள். வாக்கியத்தை மட்டும் வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் தம்பிக்கு நீங்கள் என்ன சொல்லித் தேற்றுவீர்களோ, அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வகுப்பைப் பற்றி. மாத்திரையை விட்டுவிடலாம் என்று சொல்லும் எந்த இடத்துக்கும் அவரை அனுப்பாதீர்கள். அந்த 12,000 ரூபாயை, பதிவு பெற்ற ஓர் உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வண்டிச் சாவியைக் கையில் எடுத்தால் பத்துக்கு எத்தனை? எண் வரவில்லை என்றால் குடமோ சொம்போ, அவருக்கு எது வருகிறதோ அது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.